டொக்குக் கல் குடித்தனம்

கட்டட வேலை நடக்கிற இடத்தில் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒருவருக்கும் நிலைப்பதில்லை. தரைக்கு டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரிக்கு அங்கே 'நூல்' என்று பெயர். ஒரு அறைக்குள் நுழைந்தால் முதல் காரியமாகக் குறுக்கும் நெடுக்கும் நூலைக் கட்டுவார். பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த நூலையே பார்த்துக்கொண்டிருப்பார். வீடு கட்டுகிறவர் பொறுமை இழந்து, "பார்த்தது போதும், கல்லைப் போடுங்க மேஸ்திரி" என்றால், "இங்க ஒரு நூல் பிசகினா அந்த மூலையில ஒரு விரல் பிசகும் சார். அப்புறம் என்னைத்தான் வைவீங்க" என்பார். அவ்வளவு கறார். அப்பேர்ப்பட்ட மனிதர் இருபத்தாறு வருஷ வேலையில் ஒரே ஒரு கல்லில் கோட்டைவிட்டார். விட்டதோடு போகாமல், அதை வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. வினை அங்கேதான் பிடித்தது.

அதற்கு முன் அவர் படம் வரைகிற கதையைச் சொல்லிவிடுகிறேன். மதியம் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு சிமெண்ட் மூட்டையில் தலைவைத்துக் கண்ணயரும்போது, இவர் கல் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கோடு போடுகிற பென்சிலால் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பார். எலக்ட்ரீஷியன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மேஸ்திரி, இதை வரைஞ்சு குப்பையில போடறீங்களே, பாவமில்லையா?"

"பின்ன என்ன, கண்ணாடி போட்டு மாட்டச் சொல்றியா?"

"நெட்ல போடலாம். வாரா வாரம் ஒரு கதை. நாலு பேர் பாப்பாங்க."

"எந்த நாலு பேர்?"

"அது போட்டாத்தான் தெரியும்."

மூன்றாம் நாள் மூலையில் விரிசல் விட்ட பழைய டேப்லெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆரம்பத்தில் பெரிய பாடு. சிமெண்டில் தேய்ந்துபோன விரலை அந்தக் கண்ணாடி விரலாகவே மதிக்கவில்லை. இவர் அழுத்துவார், கோடு வராது. விரலை டீயில் தொட்டுக்கொண்டு வரைவார், கோடு எங்கேயோ ஓடும். எலக்ட்ரீஷியனே ஒரு பேனா வாங்கிக் கொடுத்தபிறகுதான் வழிக்கு வந்தது.

கதைக்கு அவர் வெளியே எங்கும் போகவில்லை. கல்லுக்கு அடியில் கலவை சரியாகப் பிடிக்காமல் காற்று நின்றுவிட்டால், மேலே தட்டும்போது 'டங்' என்று கேட்கவேண்டியது 'டொக்' என்று கேட்கும். அதைத்தான் டொக்குக் கல் என்பார்கள். அப்படி ஒரு கல்லுக்கு அடியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் குடித்தனம் நடத்துகிறார்கள். புருஷன் பேர் சிமிட்டி. பெண்டாட்டி பேர் சல்லி. மேலே நடக்கிறவர்களின் முகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. காலடிச் சத்தத்தை வைத்தே ஆளை எடைபோடுவார்கள். "மேல இருக்கிறவருக்கு இன்னைக்கு ஆபீஸ்ல நல்ல திட்டு" என்பாள் சல்லி. "உனக்கெப்படித் தெரியும்?" என்பான் சிமிட்டி. "ஒரு செருப்பு இங்க விழுது, இன்னொண்ணு எட்டடி தள்ளி விழுதே!" என்பாள். அவ்வளவுதான் கதை. தலைப்பு 'டொக்கு'. வெள்ளிக்கிழமை தோறும் எட்டுப் படம்.

நாலு பேர் என்று ஆரம்பித்தது, ஒரு வருஷத்தில் எழுநூறு பேர் ஆனது. 'டிக்கெட் டிக்கெட்' என்ற பெயரில் ஒரு பஸ் கண்டக்டர், கடைசி டிரிப் முடிந்து டிப்போவில் படிப்பதாக எழுதுவார். ஒரு நர்ஸ், "சல்லி இந்த வாரம் பேசினதை வார்டு பூரா சொல்லிச் சிரிச்சோம்" என்று போடுவாள். காசு பணம் ஒன்றும் வராது. நூல் அதை எதிர்பார்க்கவும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு ஜீவன் நாம் வரைந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறதே, அதற்கு என்ன கைமாறு செய்வோம் என்றுதான் நினைப்பார். ஒவ்வொருவருக்கும் "பார்த்ததற்கு நன்றிங்க" என்று ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் போடுவார்.

அவர் வரைகிற விதத்தில் ஒரு கூத்து இருந்தது. தரை போடுகிறவன் உள்மூலையில் ஆரம்பித்துக் கதவைப் பார்த்துப் பின்வாங்கிக்கொண்டே வரவேண்டும். வாசலில் ஆரம்பித்தால், போட்ட கல்லையே மிதித்துக்கொண்டு உள்ளே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பழக்கம் படத்துக்கும் வந்துவிட்டது. கடைசிப் படத்தை முதலில் வரைவார், முதல் படத்தைக் கடைசியில் வரைவார். "முடிவு நிக்காம ஆரம்பத்துல கை வைக்க எனக்கு வராதுப்பா" என்பார். எலக்ட்ரீஷியன்தான் தலையில் அடித்துக்கொண்டு படங்களைத் தலைகீழாக அடுக்கி நெட்டில் ஏற்றுவான். ஒரு வருஷமாக அப்படித்தான் ஓடியது.

இனி வீட்டுக்கு வருவோம். நூலின் மனைவி சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். ஒருநாளைக்கு நானூறு காலர். அவள் கழுத்தில் ஒரு கட்டி ஒரு வருஷமாக வளர்ந்துகொண்டிருந்தது. "ஊருக்கெல்லாம் கழுத்துக்குத் தைக்கிறேன், எனக்குக் கழுத்துலயே வந்திருக்கு பாருங்க" என்று சிரித்துக்கொண்டே ஒத்திப்போட்டாள். விழுங்கும்போது அடைக்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் நல்ல மாதிரி. நிதானமாகச் சொன்னார்.

"பயப்படற கட்டி இல்லம்மா. எடுத்துட்டா சரியாயிடும். ஆனா குரல் நரம்பு அதை ஒட்டியே ஓடுது. கொஞ்ச நாள் குரல் கம்மிப்போகும். அபூர்வமா சில பேருக்கு அப்படியே நின்னுடறதும் உண்டு. முன்கூட்டியே சொல்லிட்டேன்."

வார்டு நர்ஸ் இன்னொன்று சொன்னாள். "இது பொம்பளைங்க வார்டு. துணைக்கு ஒரு பொம்பளை ஆள் கூடவே இருக்கணும். குறைஞ்சது நாலு நாள். வீட்டுக்காரருக்குச் சாயந்திரம் ஒரு மணி நேரம்தான்."

இவர்களுக்குப் பெண் பிள்ளை இல்லை. ஒரே மகன், கப்பலில் வேலை. பஸ்ஸில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி, அவள் தோள் நனைந்துகொண்டிருந்தது. நூல் தன் பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னார். அவள் நகரவில்லை.

"யாரைக் கூப்பிடறது?" என்றார்.

"லைன்ல பக்கத்து மெஷின் பொண்ணு ஒருநாள் வரேன்னிருக்கா."

"மீதி மூணு நாள்?"

"நர்ஸ் இருப்பாங்க இல்ல?"

"உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை..."

"அந்தப் பேச்சு வேண்டாம்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவளுக்கு நான் வேணும்னா நாலு வருஷத்துல ஒருநாள் வந்திருக்க மாட்டாளா? பத்து பேர் முன்னாடி உங்க வேலையைக் கேவலமாப் பேசினவ. செத்தாலும் கூப்பிட மாட்டேன். எனக்கு நீங்கதான் முக்கியம்."

நூலுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் தாங்கவில்லை. ஏனென்று கேட்டால், அந்தக் கல்லுக்குத்தான் போகவேண்டும்.

மனைவியின் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பெரிய குரல், பெரிய மனசு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். தாயில்லாத தங்கையை வளர்த்தவளும் அவள்தான். நாலு வருஷத்துக்கு முன் புது வீடு கட்டியபோது, "என் வீட்டுத் தரையை என் தம்பிதான் போடணும்" என்று நூலைக் கூப்பிட்டாள். எல்லா அறையும் பழுதில்லாமல் முடிந்தது. கடைசியாகச் சமையலறை. அதிலும் கடைசிக் கல், கதவோரம். சரியான வெயில். சட்டியில் கிடந்த கலவை இறுகத் தொடங்கிவிட்டது. ஒரே ஒரு கல்லுக்காக யார் மறுபடி கலவை போடுவது என்று ஒரு சோம்பல். இறுகின கலவையில் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் பிடிக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் படித்த பாடம் அது. தெரிந்தே ஒரு குவளை ஊற்றிக் கிளறிக் கல்லை ஒட்டிவிட்டார். மறுநாள் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தார். டொக். சரி, கதவோரம்தானே, யார் தட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று வந்துவிட்டார்.

மூன்று மாசம் கழித்து அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் குதிகால் அந்தக் கல்லில் பட்டது. விருந்தாளிகள் முன்னால் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். "சொந்தக்காரன்னு வேலை குடுத்தா இப்படித்தான், டொக்கு டொக்குன்னு கேக்குது!" தங்கைக்குச் சுருக்கென்றது. "என் வீட்டுக்காரர் போட்ட கல்லு டொக்கா இருக்கவே இருக்காது. உன் காதுதான் டொக்கு" என்றாள். ஒரு வார்த்தை ஒன்பதாகி, கடைசியில் தங்கை தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "இனி உன் வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு!" இத்தனையும் நடக்கும்போது நூல் எங்கே இருந்தார்? அதே சமையலறையில், சிங்க்கில் கை கழுவிக்கொண்டிருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. குழாயை மூடாமல் நின்றார். "அண்ணி சொல்றது சரிதான், அது டொக்குதான்" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த கரண்டிச் சோற்றைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நாலு வார்த்தை வரவில்லை. பிறகு ஒவ்வொரு நாள் தள்ளிப்போகப் போக அது சொல்ல முடியாததாகவே ஆகிவிட்டது. டொக்குக் கல்லுக்கு அடியில் குடித்தனம் வைத்துச் சிரிக்கச் சிரிக்க வரைந்த மனிதர், எந்த வீட்டுக் கல் அது என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஆபரேஷன் அடுத்த வியாழக்கிழமை என்று நாள் குறித்த பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேச வரவில்லை, வரைந்தாவது தொலைப்போம் என்று உட்கார்ந்தார். இந்த முறை பன்னிரண்டு படம். எல்லாமே கல்லுக்கு அடியிலிருந்து பார்த்த மாதிரி, வெறும் கால்களும் தட்டுகளும் குரல்களும். கதை இப்படிப் போகவேண்டும்: அக்கா வாசலில் நின்று "வாடி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று தங்கையை உள்ளே அழைக்கிறாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். பிறகு அந்த 'டொக்'. பிறகு சண்டை. குழாயடியில் ஒரு ஆண் காலும் ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீரும். வாசப்படியில் இரண்டு செருப்புக் கால். சாத்திய கதவு. கடைசிப் படத்தில் சல்லி, "இதுல யார் மேல தப்பு?" என்று கேட்கிறாள். சிமிட்டி சொல்கிறான்: "இறுகின கலவையில அந்த மேஸ்திரி தண்ணி ஊத்தினான். நமக்கு ஒரு வீடு கிடைச்சுது. அவங்களுக்கு ஒரு வீடு போச்சு."

வழக்கம்போல அந்தக் கடைசிப் படத்தைத்தான் முதலில் வரைந்தார். வரைந்து முடிக்கும்போது கண் கலங்கி, கண்ணாடியில் சொட்டி, பேனா நாலு கோடு தானாகப் போட்டது.

எலக்ட்ரீஷியன் அந்த வாரம் வேறு ஊர் வேலைக்குப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை மதியம் நூல் தானே ஏற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரைந்த வரிசையிலேயே ஏற்றினார். மனுஷன் ஒரு வருஷமாக எலக்ட்ரீஷியன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தான். இருந்தும் அன்று புத்திக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை சாயந்திரம் மனைவி வேலைவிட்டு வந்தாள். பையைக் கூட இறக்கவில்லை.

"பக்கத்து மெஷின் பொண்ணு போன்ல ஒரு படம் காட்டினா. 'அக்கா, இது உங்க வீட்டுக்காரர் போடறதுதானே'ன்னு. முதல் படம் பார்த்தேன். அதுக்கு மேல பாக்கல, போனைத் திருப்பிக் குடுத்துட்டேன்." அவள் குரல் ஏறவே இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "அந்த மேஸ்திரி யாரு?"

நூல் அவள் தோளிலிருந்து பையை வாங்கப் போனார்.

"கேக்கறேன் இல்ல? யாரு?"

"நான்தான்."

"தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன்."

"கல்லு டொக்குதானா?"

"மறுநாளே தெரியும்."

அவள் பையை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "அம்மா மாதிரி வளர்த்தவ. அவ காதை டொக்குன்னு சொன்னேன். அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்னேன். நாலு வருஷம், நல்லது கெட்டது ஒண்ணுக்கும் போகல. எல்லாம் உங்க வேலை சுத்தம்னு நம்பி. நீங்க பக்கத்துலயே நின்னு கை கழுவிட்டிருந்தீங்க."

"தப்புதாம்மா. சொல்ல வாய் வரல."

"எனக்கு இனி வியாழக்கிழமைக்கு அப்புறம் குரல் இருக்குமோ இருக்காதோ. இருக்கிற குரல்ல உங்ககூடப் பேச எனக்கு இஷ்டமில்ல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. முட்டையும் ரொட்டியும் வைப்பாள், தட்டின் சத்தம் மட்டும் கேட்கும். அலமாரியைத் திறப்பாள், மூடுவாள். ஒரு வீட்டில் இத்தனை சத்தம் இருக்கிறது என்று நூல் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை டேப்பைத் திறந்தால் ஒரே அமளி. வழக்கமாக முப்பது பேர் எழுதுகிற இடத்தில் முன்னூறு பேர். 'டிக்கெட் டிக்கெட்' எழுதியிருந்தார்: "சண்டையில ஆரம்பிச்சு இப்படி முடிப்பீங்கன்னு நினைக்கல மேஸ்திரி. பேசாம இருந்த என் தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்துட்டான்." வாரா வாரம் எழுதுகிற நர்ஸ், "கடைசிப் படம் பார்த்து அழுதுட்டேன், அவங்க சேர்ந்தது எவ்வளவு நிம்மதி" என்று எழுதியிருந்தாள். நூலுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. யார் சேர்ந்தார்கள்? மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முதலில் சிமிட்டியின் ஒப்புதல். பிறகு சாத்திய கதவு. பிறகு வாசப்படியில் செருப்புக் கால், வெளியே போவதற்கு வரைந்தது, உள்ளே வருவது போல நின்றது. பிறகு கூச்சல். கூச்சலுக்குப் பிறகு சிரிப்பு. ஒரே தட்டில் இரண்டு கை. எல்லாவற்றுக்கும் கீழே, "வாடி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

பதறிப்போய் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, தலைகீழாப் போட்டுட்டேன்டா! எப்படி மாத்தறது?"

"நானும் பார்த்தேன் மேஸ்திரி. கும்பிடறேன், அதுல கை வைக்காதீங்க."

"நடந்தது அப்படி இல்லடா. அவங்க சேரவே இல்ல."

"நடந்ததை யாரு கேட்டா? அப்படியே விடுங்க."

திங்கட்கிழமை மதியம் அவர் ஒரு குளியலறையில் தண்ணீர் ஓடத் தரைக்குச் சாய்வு பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாலு வருஷமாக அடிக்காத எண்.

"தம்பி, நான்தான் பேசறேன்." அந்தப் பெரிய குரல். பின்னால் வேன் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "என் வேன்ல பிள்ளைங்களை ஏத்தி இறக்கற ஆயா இருக்காளே, அவ ஒரு வருஷமா உங்க கதையை எனக்கு வாரா வாரம் படிச்சுக் காட்டறா. அதுல வர சிங்க்கைப் பார்த்ததும் ரெண்டாவது வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது என் சமையல்கட்டுன்னு. இந்த வாரம் 'வாடி'ன்னு முடிச்சிருந்தீங்க பாருங்க, அதுக்கப்புறம் போன் போடாம இருக்க முடியல."

"அண்ணி, நான்..."

"இருங்க, நான் முடிச்சுடறேன். கல்லு டொக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கல்லுக்காக எவளாவது தங்கச்சிய விடுவாளா? நீங்க கை கழுவிட்டே நின்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. அவ உங்களுக்காகக் கத்தறா, நீங்க தண்ணிய வீணாக்கறீங்க. இவனை நம்பியா பிள்ளையக் குடுத்தோம்னு ஆகிப்போச்சு."

"நியாயம்தான் அண்ணி. நான் வந்து அந்தக் கல்லை மாத்தித் தரேன். இன்னைக்கே வேணாலும்..."

"கை வச்சீங்க, தெரியும் சேதி! அதுக்கடியில ரெண்டு பேர் குடியிருக்காங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பிறகு குரலை இறக்கினாள். "அவ எப்படி இருக்கா?"

நூல் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கழுத்துக் கட்டி, குரல், வார்டு, துணைக்கு ஆள் இல்லாதது எல்லாம் கொட்டினார். மறுமுனையில் இஞ்சின் நின்றது.

"என்னைக்கு அட்மிஷன்?"

"புதன் காலைல. ஒன்பது மணிக்கு."

போன் வைக்கப்பட்டுவிட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் இதை மனைவியிடம் சொல்லவும் துணியவில்லை. ஒருவேளை வராவிட்டால் அவளுக்கு அது இரண்டாவது அடி.

புதன்கிழமை காலை ஏழரை. பை தயாராக இருந்தது. டம்ளர், துண்டு, தலைவாரும் சீப்பு எல்லாம் அவளே எடுத்து வைத்திருந்தாள். நூல் ஆட்டோ பிடிக்கச் செருப்பை மாட்டும்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. இரண்டு தடவை இல்லை, மூன்று தடவை இல்லை, கையை எடுக்காமல் ஒரே அடியாக. மஞ்சள் வேன் வாசலில் வந்து நின்றது. உள்ளே நிறையப் பிள்ளைகள், தண்ணீர் பாட்டிலும் பையுமாக. அக்கா இறங்கினாள். தலை நரைத்திருந்தது. தங்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி அப்படிப் பாக்கற? உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனா? நீதானே சொன்ன. அப்ப நான் வரலாம் இல்ல? இந்த மரமண்டைக்கு அது உறைக்க நாலு வருஷம் ஆச்சு."

"அக்கா, கல்லு டொக்குதானாம்" என்றாள் தங்கை. வேறு ஒன்றும் வரவில்லை அவளுக்கு. "உன் காது நல்ல காதுதான்."

"ஆமா, இப்ப சொல்லு. கழுத்தைக் காட்டு. ஐயோ, இவ்வளவு பெரிசாகற வரைக்கும் என்னடி பண்ணின?" கட்டியைத் தொட்டவள் அப்படியே தங்கையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். பிள்ளைகள் ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"யாரு இவங்க?" என்று ஒரு குழந்தை கேட்டது.

"என் தங்கச்சி. எல்லாரும் தள்ளி உட்காருங்க, இடம் விடுங்க" என்று அதட்டினாள் அக்கா. பிறகு நூலைப் பார்த்து, "மத்தியானத்துல இருந்து மாத்து டிரைவர் போட்டாச்சு. எத்தனை நாள்னாலும் நான் இருக்கேன். நீங்க பையைத் தூக்குங்க, பராக்குப் பாக்காதீங்க" என்றாள். முதலில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. வழி முழுக்க அக்கா பேசினாள், தங்கை பேசினாள். பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த நூலிடம் மட்டும் யாரும் பேசவில்லை. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. இந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம் என்று இருந்தது.

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று அவரை உள்ளே விடவில்லை. வார்டு கதவின் கம்பி ஜன்னல் வழியாக அக்கா செய்தி சொன்னாள். "முழிச்சுட்டா. கண்ணைத் தொறந்ததும் என் கையைத்தான் தேடினா, உங்களைக் கேக்கல. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அப்படி ஒரு பெருமை."

"அண்ணி, உங்களுக்கு நான் எப்படி நன்றி..."

"நன்றியாவது கின்றியாவது! வீட்டு மனுஷங்ககிட்ட என்ன பேச்சு இது? போங்க, முகமெல்லாம் வத்திக் கிடக்கு, எதையாவது சாப்பிடுங்க."

அவர் போகவில்லை. கேட் பக்கத்துக் கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். டேப்பை எடுத்து, அந்தத் தலைகீழ் கதைக்குக் கீழே எழுதியிருந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் பதில் போட்டார். "நீங்க எல்லாம் பார்த்ததால் எங்க வீட்டுல ரெண்டு பேர் பேசிக்கிட்டாங்க. ரொம்ப நன்றிங்க." முன்னூறு பேருக்கும் அதையே எழுதினார். தட்டித் தட்டி விரல் மரத்துப்போயிற்று. ஒருவரையும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு உள்ளே விட்டார்கள். நீளமான வார்டு, இரண்டு பக்கமும் கட்டில், ஈரத் துடைப்பத்தின் வாசனை. கோணல் மாணலாகப் போட்டிருந்த தரையை அவர் கண் தானாகக் கவனித்தது. ஏழாவது கட்டிலில் அவள் கழுத்தில் கட்டோடு சாய்ந்திருந்தாள். பக்கத்தில் அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். போன் தலையணை மேல் கிடந்தது, அதில் அந்தக் கதை திறந்திருந்தது. கடைசிவரை படித்திருப்பாள் போல.

நூல் கட்டிலின் ஓரத்தில் நின்றார். அவள் இவரோடு பேசி ஆறு நாள் ஆகியிருந்தது. இனி பேச நினைத்தாலும் குரல் வருமோ வராதோ. டாக்டர் இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை.

அவள் விரலால் கிட்டே வரும்படி காட்டினாள். குனிந்தார். இன்னும் கிட்டே என்று காட்டினாள். காதை அவள் வாயருகே கொண்டுபோனார். காற்று மாதிரிதான் வந்தது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தாலும், நான் உங்க பக்கம்தான் பேசியிருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கொஞ்சம் மெதுவாப் பேசியிருப்பேன், அவ்வளவுதான்."

"பேசாதேன்னு டாக்டர் சொன்னாரு இல்ல?" என்று அக்கா அதட்டினாள். "அழ வச்சுட்டியே மனுஷனை. தம்பி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. முழுசா முக்கால் மணி நேரம் இருக்கு."

நூல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.